காவல்துறையை நம்பாதது முன்முடிவா?

(மேலவளவு முருகேசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேலவளவு முருகேசன் பெயரால் கூடியிருக்கும் கூட்டத்தில் காவல்துறையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்குப் பயந்து வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. தேர்தல் தள்ளிப்போனது. கடைசியில் போலீஸ் காவலோடுதான் வாக்குப்பதிவே நடந்தது. ஜெயித்த முருகேசன் மிரட்டலுக்கு நடுவில்தான் தலைவராக இருந்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவரை, உடன் வந்தவர்களோடு சேர்த்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். சட்டப்படி நடந்துகொள் என்று நமக்கு எப்போதும் சொல்லப்படுகிறது. அவர் சட்டப்படிதான் நடந்தார். தேர்தலில் நின்றார், ஜெயித்தார், மனு எழுதிக்கொண்டு அரசாங்கத்தின் வாசலுக்குப் போனார். திரும்பி வரும் வழியில் அந்த அரசாங்கம் அவருடன் இல்லை.

ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அந்தக் கொலை அல்ல. சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் விடுதியில் வன்கொடுமை தடுப்புச் சட்டம் பற்றிப் பேசப் போயிருந்தோம். முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்தார். ''எங்க அண்ணன் கான்ஸ்டபிள். நம்ம காலனியில இருந்து பரீட்சை எழுதிப் போனவர். நீங்க பேசுனதக் கேட்டா போலீஸ்னாலே அடிக்கிறவன், பொய்க் கேஸ் போடுறவன்னுதான் தோணுது. ஊர்க்காரங்க நம்ம எல்லாரையும் ஒரே மாதிரி நெனைக்கிறாங்க, அது தப்புங்கறோம். நாம போலீஸ்காரங்க எல்லாரையும் ஒரே மாதிரி நெனைச்சா அது மட்டும் எப்படிச் சரி?'' பக்கத்தில் இருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். அது தேவையில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் மேடைகளில் அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ''போலீஸ் என்றாலே அப்படித்தான்'' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த மாணவரின் அண்ணன் அந்தக் கைதட்டலைக் கேட்டால் என்ன நினைப்பார்?

முன்முடிவு என்பது என்ன? சமூகவியல் வகுப்பில் சொல்லித் தருகிற பதிலில் இருந்தே தொடங்குவோம். ஒரு கூட்டத்தைப் பற்றி அனுபவத்துக்கு முன்பே எடுத்துவிட்ட முடிவு, எதிரான சான்று வந்தாலும் மாறாத முடிவு. சாதியைப் பொறுத்தவரை இது பிறப்பின்மேல் ஒட்டிவைக்கப்படுகிறது. காக்கி பிறப்பல்ல. பணி முடிந்து வீட்டுக்குப் போனால் கொடியில் கழற்றிப் போடலாம். நாம் சந்தேகப்படுகிறோம் என்பதால் எந்தப் போலீஸ்காரருக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனதில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததில்லை. அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவச் சொன்னதில்லை. நம் சந்தேகம் அவரைத் தொடுவதேயில்லை. அவர் சந்தேகம் நம்மேல் விழுந்தால் எலும்பு முறிகிறது.

நம் தோழர்கள் பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிகாரம் இல்லாதவனுக்கு முன்முடிவு என்ற ஒன்றே இருக்க முடியாது என்கிறார்கள். இதை நாம் முழுதாக ஏற்கவில்லை. நம் தெருக்களில் புதிரை வண்ணார்களை எப்படி நடத்தியிருக்கிறார்கள் என்று தெரியும். இருளர் குடும்பம் ஒன்று காலனி ஓரத்தில் குடிசை போட்டால், கோழி காணாமல் போன அன்று யார் வீட்டைப் பார்க்கிறார்கள் என்றும் தெரியும். போலீஸ் நம்மைப் பற்றிச் சொல்கிற அதே வாக்கியத்தை நாம் அவர்களைப் பற்றிச் சொல்கிறோம். அங்கே நம் கையில் இருக்கும் அதிகாரம் ஒரு கைப்பிடி அளவுதான். ஆனாலும் முன்முடிவு முழு அளவில் இருக்கிறது. ஆகவே அதிகாரத்தை மட்டும் வைத்து இதை அளந்துவிட முடியாது. இரண்டு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த நம்பாமை அனுபவத்தில் இருந்து வந்ததா, பிறப்பைப் பார்த்து வந்ததா? அனுபவம் மாறினால் இதுவும் மாறுமா?

முதல் கேள்விக்கு நம்மிடம் பதில் நிறையவே இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளம். அந்த ஆண்டு தென்மாவட்டங்களில் மூண்ட சாதிக் கலவரங்களின் தொடர்ச்சியாகப் பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான போலீசார் ஊருக்குள் இறங்கினார்கள். ஆட்களைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் உடைக்கப்பட்டவை டிவிப் பெட்டிகள், மின்விசிறிகள், தையல் மிஷின்கள், தானியக் குதிர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து ஓரளவு தலைநிமிர்ந்த கிராமம் அது. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் கொளுத்தப்பட்டன. குடிநீர்க் கிணற்றில் விஷம் கலக்கப்பட்டதாக மக்கள் சாட்சி சொன்னார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குற்றவாளியைத் தேடி வந்தவன் எதற்காகப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கொளுத்த வேண்டும்? அந்தக் கிராமம் கலவரம் செய்தது என்பதைவிட, அது நன்றாக இருந்தது என்பதுதான் அங்கே பெரிய குற்றமாக இருந்தது. ஊரின் கண்ணில் இருந்த உறுத்தல் காக்கியின் கையில் தடியாக வந்தது.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டம். கைதானவர்களை விடுவிக்கச் சொல்லிக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தைத் தடியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. 2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இமானுவேல் சேகரன் நினைவுநாளுக்கு வந்த கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் இறந்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையமும் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. கொலையுண்ட தலைவனுக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களுக்கு, ஆண்டுதோறும் அந்த நாளில் இன்னொரு அஞ்சலியும் சேர்ந்துகொண்டது.

இந்தத் தேதிகளை எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இப்போது மறுபடியும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவன் நம்பிக்கையை இழந்தால், அதைத் திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும்? நடந்தது தவறு என்று சொல்ல வேண்டும், செய்தவரைத் தண்டிக்க வேண்டும், இனி நடக்காது என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆணையம் அமைத்தார்கள். தாமிரபரணிக்கும் பரமக்குடிக்கும் ஆணையங்கள் சொன்ன பதிலைப் பார்த்துவிட்டோம். நம் நம்பாமை மாறுவதற்கான சான்றை அவர்கள் தரவே இல்லை. தராத சான்றைப் பார்க்க மறுக்கிறோம் என்று நம்மைக் குறைசொல்ல முடியாது.

இனி எதிர்த்திசையில் பார்ப்போம். ஒரு கூட்டத்தையே சந்தேகப்படுவதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்த நாடு இது. 1871இல் வெள்ளையர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், பிரமலைக் கள்ளர்கள் என்று சாதி சாதியாகப் பட்டியல் போட்டார்கள். ஸ்டேஷனில் கைரேகை வை, ராத்திரி அங்கேயே வந்து படு என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். தென்மாவட்டங்களில் நமக்கு எதிரே நிற்கிறவர்களின் பாட்டன்மாரும் அந்த ரேகைப் பதிவேட்டில் இருந்தவர்கள்தான். அதை அவர்கள் மறந்திருக்கலாம், நாம் மறக்க வேண்டியதில்லை. சட்டம் போய்விட்டது. குணம் போகவில்லை. 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் ராஜாக்கண்ணுவை அடித்துக் கொன்றதற்கு அவர் குறவர் என்பதைத் தவிர வேறு என்ன சான்று இருந்தது? 2021இல் வந்த சினிமாவைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. அழுதவர்களில் எத்தனை பேர் தங்கள் தெருவில் பாசிமணி விற்க வருகிறவர்களைச் சந்தேகமில்லாமல் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

2019இல் காமன் காஸ் அமைப்பும் டெல்லியில் உள்ள வளரும் சமுதாயங்களுக்கான ஆய்வு மையமும் சேர்ந்து, பல மாநிலங்களில் போலீசாரிடமே கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டன. முஸ்லிம்கள் இயல்பாகவே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்ற கருத்தைப் பதிலளித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதோ ஓர் அளவில் ஒத்துக்கொண்டார்கள். ''இயல்பாகவே'' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறப்பிலேயே இருக்கிறது என்று அதற்குப் பொருள். நாம் தேடிக்கொண்டிருந்த முன்முடிவு இங்கே இருக்கிறது.

நீதிமன்றமும் இதில் இருந்து தப்பவில்லை. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், வன்கொடுமை தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, கைதுக்கு முன்அனுமதி வேண்டும், வழக்குப் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று உத்தரவு போட்டார்கள். புகார் கொடுக்க வருகிற தலித்தை முதலில் சந்தேகப்படு என்பதுதான் அதன் பொருள். ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வட மாநிலங்களில் உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை ஒரு வகுப்பாகவே பொய் சொல்கிறவர்கள் என்று கருத முடியாது, பொய்ப் புகார் எந்தச் சாதிக்காரரும் கொடுக்கக்கூடும் என்ற கருத்தில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. நம்மைப் பற்றிய சந்தேகத்துக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றரை ஆண்டு இடம் இருந்தது. நம் சந்தேகத்துக்கு ஒரு மாணவர் விடுதியில்கூட விளக்கம் கேட்கிறார்கள்.

வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பர் கடைசியில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டபோது அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் சிலர் கொடுக்க மறுத்தார்கள். ''தப்பு செய்யாதவர்களுக்கு ரத்தம் கொடுக்க என்ன பயம்?'' என்று நல்ல மனிதர்கள்கூட அப்போது கேட்டார்கள். மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவன், தன்னையே குற்றவாளியாக எழுதிவிடுவார்கள் என்று பயந்தான். அது அளவுக்கு மீறிய பயம் என்று தோன்றியது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரின் பெயர்கள்தான் இருந்தன. உண்மை என்ன என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்தை நாம் இந்த மேடையில் எடுக்கப் போவதில்லை. ஆனால் ரத்தம் கொடுக்க மறுத்த நாளில் அவர்கள் மனதில் இருந்தது முன்முடிவு என்று இனி யாராவது சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதில்லை.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். ஸ்டேஷனைப் பற்றி நம் அம்மாக்கள் என்ன சொல்லி வளர்த்தார்கள்? தனியாகப் போகாதே. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அவர்கள் எழுதி வைத்ததில் கைநாட்டு வைக்காதே. ராத்திரியில் கூப்பிட்டால் விடியட்டும் என்று சொல். பொம்பளைப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே. அடித்து ஒத்துக்கொள்ளச் சொன்னாலும் ஜட்ஜு முன்னால் உண்மையைச் சொல். படிக்காத பெண்கள், பட்டறிந்து சொன்னது. இதைத்தான் முன்முடிவு என்கிறார்கள்.

இனி சட்டப் புத்தகத்தைத் திறங்கள். விசாரணையில் சாட்சி சொல்வதைப் போலீஸ் எழுதினால் அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 162, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 181. நீங்கள் எழுதிக் கொடுக்கும் புகார் வேறு, அதில் கையெழுத்து வேண்டும், குழப்பிக்கொள்ளக் கூடாது. சாட்சி விசாரணைக்குப் பெண்ணை அவள் வசிக்கும் இடத்தை விட்டு வரச்சொல்லக் கூடாது. பழைய 160, புதிய 179. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும், மிக அபூர்வமான சூழ்நிலை தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது. கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25, இன்றைய சட்டத்தில் 23. அம்மா சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்தும். காவல் நிலையத்தை நம்பாதே என்று இந்த நாட்டில் முதலில் எழுதிவைத்தது சட்டம்தான்.

அந்த 25ஆம் பிரிவு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். அதன் வேர் நம் மண்ணில் இருக்கிறது. 1855இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க அமைத்த குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் கீழ்நிலை அதிகாரிகள் செய்த கொடுமைகள் அதில் பட்டியலாக இருக்கின்றன. கழுத்தில் மாட்டிய கயிற்றைக் கால் விரலுக்குக் கீழே விட்டு ஆளை வளைத்துக் கட்டும் ''அண்ணாந்தாள்''. விரல்களை நசுக்கும் ''கிட்டி''. இரண்டு தமிழ்ச் சொற்களும் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறியிருக்கின்றன. ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்கள் என்று கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் பெருமையாகச் சொல்கிறோம். இவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வருவாய்த் துறையில் இருந்து போலீசைப் பிரித்துத் தனிச் சட்டம் வந்தது. 1861இல் போலீசிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது என்ற விதியும் வந்தது. தன் கையால் உருவாக்கிய போலீசையே வெள்ளைக்காரன் நம்பவில்லை. அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், புதுப் பெயர் சூட்டிக் கொண்டுவந்த சட்டங்களில் இந்திய அரசும் அந்த விதியை எடுக்கவில்லை. 1996இல் டி.கே.பாசு வழக்கில் கைதின்போது பின்பற்ற வேண்டிய விதிகளை உச்ச நீதிமன்றம் அடுக்கியது. 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. கேமரா வைக்கச் சொல்வது நம்பிக்கையின் அடையாளமா?

அப்படியென்றால் அந்த மாணவரின் அண்ணனுக்கு என்ன பதில்?

1928இல் சைமன் குழுவின் முன் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் அம்பேத்கர் வைத்த கோரிக்கைகளில், ராணுவத்திலும் கடற்படையிலும் போலீசிலும் ஒடுக்கப்பட்டோரைச் சேர்க்க வேண்டும் என்பதும் ஒன்று. போலீசும் நிர்வாகமும் சாதி இந்துக்களின் கையில் இருப்பதால் தீண்டப்படாதவனுக்கு நீதி கிடைப்பதில்லை என்று வாழ்நாள் முழுக்க எழுதியவரும் அவர்தான். இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. நம்பாததால்தான் உள்ளே போகச் சொன்னார். எனவே உங்கள் அண்ணன் அந்தப் பரீட்சை எழுதியதும், உடற்தகுதித் தேர்வுக்காகக் காலையில் எழுந்து ஓடியதும் நம் போராட்டத்தின் ஒரு பகுதிதான். அவரை யாரும் துரோகி என்று சொல்ல வேண்டியதில்லை. நம் இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும்.

ஆனால் அண்ணன் நல்லவர் என்பதற்காக ஸ்டேஷனை நம்ப முடியாது. அவர் அங்கே எழுத்தர் அல்ல, இன்ஸ்பெக்டர் அல்ல. புகாரை எப்படி எழுதுவது, யாரை முதல் குற்றவாளியாகப் போடுவது, எதிர்த்தரப்பிடமும் ஒரு புகார் வாங்கிக் கவுண்டர் கேஸ் போடுவதா என்று அவரைக் கேட்டு யாரும் முடிவெடுப்பதில்லை. சொந்தக் காலனிக்கே பந்தோபஸ்துக்கு அனுப்பினால் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. பல ஸ்டேஷன்களில் அவரும் நம்மைப் போலத்தான், தன் சாதி தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்த வழக்கில், அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். இறந்தவர்கள் தலித்துகள் அல்ல, ஆனால் அந்த இரவு எல்லோருக்குமான பாடம். விசாரிக்கப் போன நடுவருக்கே அந்த ஸ்டேஷனில் மரியாதை இல்லை. சாட்சி சொன்ன காவலருக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. சீருடைக்குள் இருந்த ஒரு நேர்மையான பெண்ணே தன் துறையை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாதபோது, வெளியே இருக்கும் நம்மிடம் நம்பிக்கையை எப்படிக் கேட்பது? நாம் சந்தேகப்படுவது நாற்காலியை. அதில் உட்காருகிறவர் ஒருநாள் வேறு மாதிரி நடந்துகொண்டால் அதை ஒப்புக்கொள்கிறோம், பெயர் சொல்லி நன்றியும் சொல்கிறோம். அடுத்தவர் வந்து உட்காரும்போது மறுபடியும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போகிறோம். தனி மனிதருக்கு அனுபவத்தைப் பார்த்து இடம் கொடுக்கிற ஒன்றை முன்முடிவு என்று சொல்ல முடியாது.

நம்மை உறுத்த வேண்டிய விஷயம் வேறு. இந்த நம்பாமையால் போலீசுக்கு அநியாயம் நடக்கிறதா என்பதல்ல. இது நமக்கு என்ன செய்கிறது என்பது. ஸ்டேஷனை நம்பாதவர்கள் வேறு எங்கே போகிறார்கள்? ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு. கட்சிக்காரரிடம். கட்டப்பஞ்சாயத்துக்கு. ஒரு பெண் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை இருபதாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டு, ''கேஸ் என்று போனால் அலைய முடியாது'' என்று சொல்கிற அப்பாக்களைப் பார்க்கிறோம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிப்பவர் யார்? நம்மை அடித்தவனின் பெரியப்பா. காவல்துறையை நம்பாமல் சாதியை நம்பிப் போகிறோம். 1989ஆம் ஆண்டுச் சட்டம் நாம் ரத்தம் சிந்தி வாங்கிய சட்டம். எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் அந்தச் சட்டம் வெறும் காகிதம். வாசல்வரை போகாத சந்தேகத்தால் யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்த்தால், ஸ்டேஷன் எழுத்தருக்கு வேலை மிச்சம், ஊருக்கு நிம்மதி.

வாச்சாத்தி மக்களும் போலீசை நம்பவில்லை. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். நடந்ததாகச் சொல்லப்பட்ட எதையும் மாநில அரசு ஏற்கவில்லை. அவர்கள் அதோடு வீட்டுக்குள் முடங்கியிருந்தால் நியாயம் சொல்ல நிறையக் காரணங்கள் இருந்தன. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உள்ளூர் விசாரணை வேண்டாம் என்று சி.பி.ஐ. விசாரணை வாங்கினார்கள். கம்யூனிஸ்ட் தோழர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் கூட நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் மீதமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 84 பேர் போலீசார். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள். பாட்டிகளாகிவிட்ட பெண்கள் அன்றும் தீர்ப்பு கேட்கக் காத்திருந்தார்கள். அந்த நம்பாமையை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறியது.

வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? புகாரைப் பதியாமல், படித்துக் காட்டாமல், கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நாடாளுமன்றமே அதிகாரியைச் சந்தேகப்பட்டு எழுதிய பிரிவு. உங்கள் மாவட்டத்தில் யார்மீதாவது அது பாய்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் வழக்கறிஞர்களே பல மனுக்களில் அதைக் கேட்பதில்லை. ''அடுத்த கேஸுக்கு அதே இன்ஸ்பெக்டரிடம்தான் போகணும்'' என்பார்கள். அதுவும் ஒரு பயம்தான், நம் அம்மாக்களின் பயத்தைவிடக் குறைந்த காரணமுள்ள பயம்.

ஆகவே விடுதி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். காலனிக்கு இரண்டு பேர் வீதம் ஸ்டேஷன் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். புகாரை எழுத்தில் கொடுக்கப் பழகுங்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், நாகரிகம் பார்த்து ''இழிவாகப் பேசினார்'' என்று எழுதினால் வழக்கு அங்கேயே மெலிந்துவிடும். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ''புதுச் சட்டத்தில் பதினாலு நாள் விசாரிச்சுட்டுத்தான் பதிவோம்'' என்று இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். வன்கொடுமை வழக்கில் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 18ஏ சொல்கிறது. அந்தப் பக்கத்தின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புதிய சட்டத்தில் பிரிவு 173(4). அதற்கும் அசையவில்லை என்றால் அதே பிரிவில் நீதித்துறை நடுவரிடம் போகலாம். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். அடிபட்டவரை முதலில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், அங்கே எழுதும் விபத்துப் பதிவேடு பின்னால் கைகொடுக்கும். நாலு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் கான்ஸ்டபிள் நம் ஆள் என்று தெரிந்தாலும் அந்த இடத்தில் சொந்தம் கொண்டாடாதீர்கள், அவர் வேலைக்கு அது ஆபத்து.

இந்த வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதலாம். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. பின்வரிசையில் நிற்கும் மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.